ஸ்கானில் ஏதோ இருக்காம்

கர்ப்ப காலத்தில் 18 முதல் 22 கிழமைக்குள் எடுக்கும் ஸ்கானில்தான் பிள்ளையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். நான் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்தினால் போதும், கட்டிலில் கிடப்பவரின் முகம் மாறிவிடும். அந்த மௌனத்தை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். இதயத்தின் நான்கு அறைகளையும் ஒன்றாகப் பிடிக்கும்போது யாருக்கும் பேச வராது. பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தால், "கொஞ்சம் நடந்திட்டு வாங்கோ" என்று வெளியே அனுப்புவோம். அதுவும் கெட்ட செய்தி அல்ல.

சிலவேளை உண்மையாகவே ஏதாவது தெரியும். ரிப்போட்டில் 'கொரொயிட் பிளெக்ஸஸ் சிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி விழும். ஒட்டுசுட்டான் பஸ் வருமுன்னரே அதன் படம் வட்சப்பில் கனடாவுக்குப் போய்விடும். அங்கே அண்ணா அதைக் கூகிளில் போட, 'ட்ரைசோமி 18' என்ற கடுமையான நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறின் பெயர் வரும். பொழுதுபடுவதற்குள் வீடு செத்தவீடு மாதிரி ஆகிவிடும். அடுத்த நாள் காலை, பொலித்தீன் பைக்குள் கர்ப்பிணிப் பதிவேட்டையும் ரிப்போட்டையும் சுற்றிக்கொண்டு, நித்திரையில்லாத கண்ணோடு அந்தத் தாய் கிளினிக் வாசலில் நிற்பார். "டொக்டர், மூளையில கட்டியாம். தப்பாதாம்."

மூளைக்குள் நீர் சுரக்கும் பகுதியில் தெரிகிற ஒரு சின்ன நீர்க்குமிழ் அது. இந்தக் காலத்து ஸ்கான்களில் 100க்கு ஒன்றிரண்டில் காண்கிறோம். மூளை வளர்ச்சியை அது கெடுப்பதில்லை; பெரும்பாலும் 28ஆம் கிழமையளவில் தானாகவே மறைந்துவிடும். ட்ரைசோமி 18 உள்ள பிள்ளைகளில் இது கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அப்படியான பிள்ளைகளில் இதயம், விரல்கள், வளர்ச்சி என்று வேறு இடங்களிலும் அநேகமாகக் குறை தெரியும். மற்றதெல்லாம் சரியாக இருந்து இது மட்டும் இருந்தால் பயம் மிகக் குறைவு. கனடா அண்ணாவுக்கு இந்தப் பாதியையும் அனுப்புங்கள்.

பிள்ளையின் சிறுநீரகத்தில் நீர் கோத்திருப்பது இன்னொன்று. நடுக்கர்ப்பத்தில், சலம் சேரும் இடமான சிறுநீரகக் கிண்ணம் 4 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ விரிந்திருந்தால் எழுதுவோம். அநேகமானவை தானே சரியாகும். எண்டாலும் 32ஆம் கிழமையளவில் திரும்பப் பார்க்க வேண்டும். அப்போது 7 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் பிறந்த பிறகும் ஸ்கான் தேவை. அதைப் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் எடுப்போம். அதற்குள் பிள்ளைக்குச் சலம் குறைவாகவே உருவாகும் என்பதால் வீக்கம் மறைந்து ஏமாற்றிவிடும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கர்ப்பத்தில் இரவிரவாக அழுத குடும்பம், பிறந்த பிறகு "நல்லாத்தானே சலம் போகுது" என்று அந்த ஸ்கானுக்கு வராமல் விட்டுவிடும். பிறகு காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றுமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்பதும் அடிக்கடி எழுதப்படும் வரி. கருப்பை வளர வளரப் பெரும்பாலும் அது மேலே போய்விடும். 32ஆம் கிழமையில் திரும்பப் பாருங்கள்; இடையில் இரத்தம் பட்டால் நோ இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரிப்போட்டைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியவை சில உண்டு. இது மட்டும்தானா, வேறு ஏதும் தெரிகிறதா? திரும்ப எப்போது, எங்கே பார்ப்பது? பிரசவத்தை வேறு ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டுமா? பதிலைத் தமிழில் பதிவேட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முடிந்தால் கணவரையும் கூட்டி வாருங்கள். அவர் கடலுக்கோ வயலுக்கோ போயிருந்தால் அம்மாவையோ அக்காவையோ. பயந்துபோன ஒருவருக்கு நாங்கள் சொல்வதில் பாதி காதில் ஏறாது.

அப்புறம், பழி. உதடு பிளந்திருக்கிறது என்று தெரிந்தால், "கிரகணத்தண்டு மீன் வெட்டினவள்" என்று மாமியார் வாசலிலேயே தொடங்கிவிடுவார். மேலுதடு கர்ப்பத்தின் 4ஆம் கிழமைக்கும் 7ஆம் கிழமைக்கும் இடையில் உருவாகிறது. பலருக்கு அப்போது பிள்ளை நிற்கிறது என்பதே நிச்சயமாகத் தெரியாது. கிரகணத்துக்கும் மீனுக்கும் இதில் பங்கில்லை. உதட்டைப் பிறந்து 3 முதல் 6 மாதத்தில் சத்திரசிகிச்சை செய்து மூடிவிடலாம். அதுவரை பால் கொடுக்கும் முறையை முன்கூட்டியே பழக்குவோம்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. சில இதயக் குறைகளுக்குப் பிறந்த நாளிலிருந்தே சிகிச்சை வேண்டும். அவர்களை யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பும்போது, மல்லாவியிலோ துணுக்காயிலோ இருக்கும் குடும்பத்துக்கு அது பஸ் காசும் நாள் கூலியும் மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்பதும்தான். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னாலும் திகதியையாவது மாற்றி ஒழுங்குபடுத்த முயற்சிப்போம். சொல்லாமல் போகாமல் விடுவதுதான் ஆபத்து.

மண்டையோடு உருவாகாத பிள்ளை போன்ற, பிழைக்கவே முடியாத நிலைகளும் உண்டு. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. ஆகவே அநேக தாய்மார் அந்தப் பிள்ளையைச் சுமந்து பெறுகிறார்கள். அவர்களிடம் "அடுத்தது வரும்" என்று சொல்லாதீர்கள். பிள்ளையைப் பார்க்க விரும்புகிறாரா, பெயர் வைக்க விரும்புகிறாரா, அடக்கம் எப்படி என்று முன்கூட்டியே மெதுவாகக் கேட்கலாம். மண்டையோடு உருவாகாத பிள்ளையைச் சுமந்தவர் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே, வழமையான அளவைவிடக் கூடிய 5 மில்லிகிராம் போலிக் அமிலம் தொடங்க வேண்டும் என்பதைப் பிறகொரு நாள் சொல்லலாம். 2009 போரில் ஏற்கெனவே பிள்ளைகளையும் சகோதரங்களையும் இழந்த வீடுகள் இங்கே நிறைய. பழைய சாவுகளும் சேர்ந்துதான் அழுகையாக வரும். நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் கிழமைக்கணக்கில் போனால் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் முதல் ரிப்போட்டை ஒளித்துவிட்டு, ஒரே கிழமையில் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தனியாரிடம் ஸ்கான் எடுத்துத் திரிவதில் காசுதான் போகும். முதல் ரிப்போட்டையும், ஆரம்பத்தில் திகதி கணிக்க எடுத்த ஸ்கானையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கிழமைக் கணக்கு பிழைத்தால், சரியாக வளரும் பிள்ளையும் சின்னதாகத் தெரியும்.