மழைக்கால ஈரத்துக்கு எந்த மெஷின்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னையில் எங்களுக்கு வரும் அழைப்புகளே மாறிவிடும். "பீரோவுக்குள்ள துணியெல்லாம் பூஞ்சை பூத்திருக்கு, என்ன மெஷின் வாங்கலாம்?" என்பார்கள். ஏ.சி. மெக்கானிக்காக நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஈரம் எங்கிருந்து வருகிறது?

மொட்டைமாடியிலிருந்தோ குழாயிலிருந்தோ சுவரில் ஓதம் இறங்கினால், மெஷினுக்குப் பணம் போடாதீர்கள். முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே உண்டாகும் ஈரமும் குறைவில்லை. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் தீரும்போது, எரிந்த வாயுவிலிருந்து மட்டும் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவந்திருக்கும். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அது வெளியே போய்விடும். ஆனால் மழை நாளில் படுக்கையறையில் அதை ஓட்டிப் பயனில்லை. வெளியேறும் காற்றுக்குப் பதிலாக உள்ளே வருவதும் ஈரக்காற்றுதானே. ஏர் கூலரை அந்த நாட்களில் தொடவே வேண்டாம், அது ஈரத்தைக் கூட்டும்.

ஏ.சி.யில் ஈரத்தைக் குறைப்பதற்கென்று இருக்கும் டிரை மோடு புழுக்கமான நாளில் நன்றாகவே உதவும். மழை நாளில் அறை ஏற்கெனவே 25 டிகிரிக்கு வந்திருக்கும். கம்ப்ரஸர் சீக்கிரமே நின்றுவிடும். அதன்பின் ஃபேன் மட்டும் ஓடினால், உள்ளே குளிரும் குழாய்ச்சுருளான காயிலில் படிந்த நீர் மறுபடி அறைக்குள்ளேயே ஆவியாகும். காற்றிலுள்ள ஈரத்தை நீராகப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர் என்ற மெஷின் அப்படியல்ல, ஈரப்பதத்தைப் பார்த்துத்தான் ஓடும், நிற்கும். 50 முதல் 55 சதவீதத்தில் வைத்தால் போதும்.

ஆனால் அது குளுமை தராது. ஒவ்வொரு லிட்டர் ஆவி நீராகும்போதும் ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிப்படும். ஏ.சி. சூட்டை வெளியே தள்ளுகிறது. இதுவோ அறைக்குள்ளேயே விடுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் 'நாளுக்கு 20 லிட்டர்' கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்த கணக்கு அது. காற்று காயக் காய, வரும் தண்ணீரும் வெகுவாகக் குறையும்.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கம்ப்ரஸர் வகை டீஹியூமிடிஃபையரின் காயிலில் உறைபனி பிடித்து, வேலை மந்தமாகும். அங்கே ஈரம் உறிஞ்சும் சக்கரம் உள்ள டெசிகன்ட் வகை கேளுங்கள். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்.

கடையில் விற்கும், ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பு டப்பா பீரோவுக்குச் சரி, அறைக்குப் போதாது. அடியில் சேரும் உப்புநீர் இரும்பை அரிக்கும்; குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.