மூன்று கிரவுண்டு பச்சை

ப்ராம்பிள் கே என்ற மணல்திட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். பப்புவா நியூ கினிக்குப் பக்கத்தில், டோரஸ் நீரிணையின் வடகோடியில் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். அதன் உச்சியே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3 மீட்டர்தான்.

வேறெங்கும் காணப்படாத ஓர் எலி இங்கே இருந்தது. பெயர் ப்ராம்பிள் கே மெலோமிஸ். செம்பழுப்பு ரோமம், நீண்ட வால். நம் வீட்டு எலியின் வாலில் செதில்கள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். இதன் வாலிலோ தரையில் ஓடு பதித்தது மாதிரி பொருந்தியிருக்கும். 1845-ல் ‘ப்ராம்பிள்’ கப்பலின் மாலுமிகள் இவற்றை வில்லும் அம்புமாகத் துரத்திப் பொழுதுபோக்கினார்களாம். அவ்வளவு மலிந்து கிடந்தன.

1978-ல் சில நூறு இருந்தன. 1998-ல் பொறி வைத்தபோது 42 சிக்கின. 2009-ல் ஒரு மீனவர் பார்த்ததே கடைசி. 2014-ல் பொறியும் கேமராவுமாகத் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. 2019-ல் ஆஸ்திரேலிய அரசு இதை அழிந்த இனமாக அறிவித்தது.

கடல் ஏறி எலிகளை மூழ்கடித்துவிட்டது என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். சில எலிகள் அலையோடு போயிருக்கவும் கூடும். ஆனால் என்னைக் கேட்டால், கதை செடியில் இருக்கிறது. திட்டில் மரம் கிடையாது. பருப்புக்கீரை போலத் தரையோடு படரும் செடிகள்தான் எலிக்குத் தீனி, அவைதான் ஒளிந்துகொள்ளவும் இடம். வேர் தண்ணீரை இழுக்க வேண்டுமானால், வெளியே உள்ள ஈரத்தைவிட வேருக்குள் உப்புச்சத்து கூடுதலாக இருக்க வேண்டும். கடல்நீர் புகுந்தால் இது தலைகீழாகிறது. வேரிலிருக்கும் நீரையும் மண் இழுத்துக்கொள்கிறது. சொதசொதவென்று ஈரமான மண்ணில் நின்றபடியே செடி வாடும். கடலோரச் செடிகள் ஓரளவு உப்பைத் தாங்கும், நல்ல மழை பெய்து உப்பைக் கழுவினால் மறுபடி துளிர்க்கும். அதற்குள் அடுத்த வெள்ளம் வந்துவிட்டால் போச்சு.

1990-களிலிருந்து டோரஸ் நீரிணையில் கடல்மட்டம் உலக சராசரியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் உயர்ந்தது. சில சென்டிமீட்டர்தான். ஆனால் முன்பு கரையோடு திரும்பிப் போன புயல் அலைக்கு, திட்டின் நடுவரை வர அது போதும். 2004-ல் 2.16 ஹெக்டேர் பச்சை இருந்தது. 2014-ல் மிஞ்சியது 0.065 ஹெக்டேர். சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டுகூட இல்லை.

இந்த எலியின் முன்னோர், பப்புவா நியூ கினியின் ஃப்ளை ஆறு அடித்துவந்த மரக்கட்டைகளில் மிதந்து வந்திருக்கலாம் என்று ஒரு யூகம் உண்டு. அது சரியென்றால், அந்த ஆற்று முகத்துவாரத்தில் இதன் சொந்தபந்தம் இன்னும் இருக்கலாம்.