விழுந்து எழும் சிறுவனும் விடுபட்டுப்போன மரபணுத் துண்டும்

ஈரல் நோய் என்று ஓராண்டாக அலைக்கழிக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை என்னிடம் அழைத்துவந்தார்கள். ஈரல் பரிசோதனையில் அளக்கப்படும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் இரத்தத்தில் உயர்ந்திருந்தன; ஈரலில் பழுதில்லை. தரையில் உட்காரவைத்து எழச் சொன்னேன். கைகளை ஊன்றி, பின் முழங்காலையும் தொடையையும் பிடித்து, தன் உடல்மீதே ஏறுவதுபோல எழுந்தான். கெண்டைக்கால் சதை பருத்திருந்ததைப் பலம் என்றே பெற்றோர் எண்ணியிருந்தார்கள். அந்த இரு நொதிகளும் தசையிலும் உண்டு என்பதை மருத்துவர்களாகிய நாங்களே சில வேளை மறந்துவிடுகிறோம். தசை நொதியை அளக்கும் சி.கே. என்ற எளிய இரத்தப் பரிசோதனையை முதலிலேயே செய்திருந்தால் அந்த ஓராண்டு வீணாகியிராது.

அவனுக்கு இருந்தது டூஷென் தசைச் சிதைவு; தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் மரபணு நோய். 1980களின் தொடக்கத்தில், இந்நோயில் எந்தப் புரதம் கெட்டிருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. குறை எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது என்பது மட்டுமே தெரிந்திருந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் மரபியலாளர் லூயிஸ் குங்கல், புரதத்தை அறிந்து மரபணுவைத் தேடும் வழக்கத்தை விட்டுத் தலைகீழாகச் சென்றார். எக்ஸ் குரோமோசோமில் ஒரு துண்டே விடுபட்டதால் டூஷென் உட்படப் பல நோய்களை ஒருங்கே பெற்றிருந்த ஒரு சிறுவனின் டி.என்.ஏ.வை இயல்பான டி.என்.ஏ.வோடு மிகுதியாகக் கலந்து, அதனோடு ஜோடி சேர்ந்தவற்றையெல்லாம் ஒதுக்கி, எஞ்சியதை அவர் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அச்சிறுவனிடம் எது இல்லையோ அதுவே தேடிய இடம் என்பது கணக்கு. அந்தத் தடத்தில் 1986இல் மரபணுவும், 1987இல் டிஸ்ட்ரோபின் என்று பெயரிடப்பட்ட புரதமும் கண்டறியப்பட்டன. தசையிழையின் உட்கட்டமைப்பைச் சவ்வோடு பிணைத்து வைக்கும் இப்புரதம் இல்லாதபோது, தசை சுருங்கி விரியும்போதெல்லாம் சவ்வு சேதமுற்று நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. என்னிடம் வந்த சிறுவனின் பரிசோதனைத் தாள் சொன்னதும் அதைத்தான்.

இன்று நாங்கள் முதலில் செய்யும் எம்.எல்.பி.ஏ. பரிசோதனையும் இந்த மரபணுவின் 79 எக்ஸான்களில், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகளில், எது விடுபட்டது, எது இரட்டித்தது என்றே தேடுகிறது. அதில் ஒன்றும் தென்படாவிட்டால் நோய் இல்லை என்று பொருளல்ல; சிறு எழுத்துப் பிழைகளுக்கு மரபணுவை முழுமையாக வாசிக்க வேண்டும். சிகிச்சையில் ஸ்டீராய்டு, குழந்தை நடக்கும் காலத்தை நீட்டிக்கும். குறிப்பிட்ட எக்ஸானைத் தாண்டவைக்கும் மருந்துகள் சிலருக்கே பொருந்தும்.

குடும்ப வரலாறு கேட்கையில் தாய்மாமன்களைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. மகனுக்குத் தாயிடமிருந்து கிடைக்கும் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் நோய் அங்கேதான் தடம் காட்டும். இந்தக் குடும்பத்தில் அப்படி எவரும் இல்லை. ஆனாலும் பாட்டி, “இவள் வழியில் வந்ததுதான்” என்றார், தாய் தலைகுனிந்திருந்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளில் இந்தப் பிழை புதிதாகத் தோன்றுவது என்று பாட்டியிடமே விளக்கினேன். பிறகு வந்த முடிவில் தாயின் இரத்தத்தில் அந்தக் குறை காணப்படவில்லை. எனினும் சில கருமுட்டைகளில் மட்டும் அது மறைந்திருக்கக்கூடும் என்பதால், அடுத்த கருவைத் தொடக்கத்திலேயே பரிசோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.