காற்று குளிர்ந்தாலும் வெயில் வெயில்தான்

பிப்ரவரிப் பள்ளி விடுமுறை முடிந்த வாரம் எங்கள் மருந்துக்கடையில் சோற்றுக்கற்றாழை ஜெல் வேகமாகத் தீர்ந்துவிடும். லண்டனில் வெளியே 5 டிகிரி, சாம்பல் வானம். கவுண்டருக்கு முன்னால் நிற்பவருக்கோ மூக்கில் தோல் உரிந்துகொண்டிருக்கும். எங்கே போய் வந்தார் என்று கேட்கவே வேண்டாம். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் டெனெரீஃப், இல்லையென்றால் லான்சரோட்டே.

போன வருடம் ஒரு தமிழ்ப் பெண், "அண்ணா, அலர்ஜிக்கு ஏதாவது குடுங்க" என்று இடது கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே கருத்து, தொட்டால் சூடு, சின்னச் சின்னக் கொப்புளங்கள். வலது கையில் ஒன்றுமில்லை. ஹோட்டல் சோப்பா, இறாலா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "அங்கே கார் ஓட்டினீங்களா?" என்று கேட்டேன். நான்கு நாள் தீவு முழுக்க ஓட்டியிருக்கிறார். ஸ்பெயினில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். இடது கைதான் ஜன்னலோரம். பருவுக்காக அவர் சாப்பிட்டுவந்த டாக்ஸிசைக்ளின் எங்கள் கடையில் வாங்கியது.

அந்த மாத்திரை தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். புற ஊதாக் கதிரில் ‘பி’ வகையைக் கார்க் கண்ணாடி தடுத்துவிடும். ‘ஏ’ வகை பக்கவாட்டு ஜன்னல் வழியே ஓரளவு உள்ளே வந்துவிடும். டாக்ஸிசைக்ளினோடு சேர்ந்து தொல்லை தருவது முக்கியமாக இந்த ‘ஏ’ வகைதான். பெட்டியில் ஒட்டும் லேபிளில் வெயில் எச்சரிக்கை இருக்கிறது, நானும் சொல்லித்தான் கொடுத்தேன். ஆனால் நவம்பர் மழையில் நனைந்து வந்தவரிடம் வெயிலைப் பற்றிச் சொன்னால் காதில் ஏறுமா?

நம் ஆட்களிடம் இன்னொரு குழப்பம். "சிவக்கவே இல்லையே, அப்புறம் எப்படி வெயில்?" என்பார்கள். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருக்கும், எரியும், இழுத்துப் பிடிக்கும், சில நாளில் உரியும். முகத்தில் மங்கு என்கிற கருந்திட்டு இருப்பவர்களுக்கு ஒரு வார விடுமுறையே போதும், ஆறு மாதம் கிரீம் பூசி மங்கவைத்தது திரும்பி வந்துவிடும். அவர்களுக்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன்தான் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், வெள்ளைக் கிரீம்கள் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

கேனரித் தீவுகள் 28 டிகிரி வட அட்சத்தில், ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சனவரிப் பகலில் 20, 21 டிகிரிதான், கடல் காற்று வேறு. உடம்பு ‘சுடவில்லை’ என்கிறது. ஆனால் புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லண்டனில் சனவரியில் அது 1-ஐத் தாண்டுவதே அபூர்வம். டெனெரீஃபில் தெளிந்த நாளின் நண்பகலில் 3-ஐத் தாண்டிவிடும். எரிமலைக் குழம்பு உறைந்த நிலத்தில் ஒதுங்க நிழலும் கிடையாது. லான்சரோட்டேயின் திமன்ஃபாயாவில் 1730 முதல் 1736 வரை வெடித்துப் பரவிய கருங்கல் காடு இன்றும் மொட்டையாகத்தான் கிடக்கிறது.

டெனெரீஃபில் இருக்கும் டெய்டே மலை தனி விஷயம். கேபிள் கார் 2,356 மீட்டரில் ஏற்றி, சுமார் 8 நிமிடத்தில் 3,555 மீட்டரில் இறக்கிவிடும். ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதா ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மேலே ஸ்வெட்டர் போடும் குளிர், அதனால் கிரீம் யாருக்கும் நினைவுக்கு வராது. காலையில் கடற்கரையில் இருந்துவிட்டு மதியம் அங்கே நின்றால் சிலருக்குத் தலைவலி, மூச்சிரைப்பு வரும். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். ஸ்கூபா டைவிங் செய்த அன்றே மலையேறாதீர்கள். விமானம் ஏறும் முன் எவ்வளவு காத்திருக்க வேண்டுமோ அதே கணக்கு இதற்கும்.

ஆஸ்துமா இருப்பவர்கள் மூச்சிரைத்தால் எடுக்கும் இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள். சகாராத் தூசியைக் கொண்டுவரும் ‘கலிமா’ காற்று குளிர்காலத்திலும் வீசும். 2020 பிப்ரவரியில் விமான நிலையங்களையே மூடவைத்தது அது.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், புட்டியின் பின்புறம் ‘ஏ’ வகைத் தடுப்பைக் காட்டும் நட்சத்திரம் நான்காவது இருக்கும்படி வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாராளமாகப் பூசுங்கள். ஒரு குடும்பம் வாங்கிப்போன புட்டி பாதி மீதியோடு திரும்பி வந்தால், யாருமே சரியாகப் பூசவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பெண்ணுக்குக் கை சரியாக மூன்று வாரமானது, கருமை போக இன்னும் நாளானது. இப்போதெல்லாம் நவம்பரில் டாக்ஸிசைக்ளின் கொடுக்கும்போது வெயில் என்று ஆரம்பிப்பதில்லை. "லீவுக்கு எங்கேயாவது டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்கிறேன். சிலர் முகம் உடனே மலர்ந்துவிடுகிறது.