காசிமேட்டு வாடை எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள், பொத்தாமல் வருகிறவர்கள். முதல் ரகத்தாரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஏலம் போடும் இடத்தைத் தாண்டி, வஞ்சிரம் என்ன விலை என்று நாலு பேரிடம் கேட்டு முடிப்பதற்குள் கைக்குட்டை பாக்கெட்டுக்குள் போயிருக்கும். வாடை குறையவில்லை, ஐஸ் உருகிய தண்ணீர் அதே கவுச்சியோடு காலடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாறியது மூக்கு.

மூக்கின் மேல்கூரையில் மணத்தை உணரும் நரம்பணுக்கள் இருக்கின்றன. காற்றில் வரும் மூலக்கூறு அவற்றில் ஒட்டியதும், அணுவின் சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். மூளைக்குச் சேதி போகும். வேடிக்கை இனிமேல்தான். உள்ளே வந்த அதே கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, தான் நுழைந்த வாயிலையே அடைக்க ஆரம்பிக்கும். சில விநாடிகளில் நடக்கும் வேலை இது. அதற்கு மேல் மூளையும் தன் பங்குக்குச் சேதியின் சத்தத்தைக் குறைத்துவிடும்.

இதை வைத்து மூக்கு மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டினால் தப்பு. வருஷக்கணக்கில் அந்த வாடையிலேயே உட்கார்ந்திருக்கும் மீன்கார அக்காவிடம், நேற்றைய சங்கராவை இன்றையதோடு கலந்து நீட்டிப் பாருங்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே முகம் சுளிப்பார். எல்லாவற்றுக்கும் பொதுவான வாடையை மூளை கழித்துவிட்டதால், வித்தியாசம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

மீன் பேச்சு வந்ததால் ஒரு கேள்வி. கடலிலிருந்து எடுத்த கையோடு முகர்ந்தால் மீனில் கவுச்சி அவ்வளவாக இருக்காது. செத்து நேரமாக ஆகத்தான் நாற்றம் ஏறுகிறது. ஏன்? அதைப் புளி போட்டு அலசினால் மட்டும் ஏன் குறைகிறது? பதில் எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

பழகியதைக் கழித்துவிடுவது நரம்பு மண்டலத்தின் மிகப் பழைய வித்தை. ஏப்ளிசியா என்ற கடல் முயலுக்கு (முயல் இல்லை, நத்தை இனத்துக் கடல் உயிரி) மொத்தமே சுமார் 20,000 நரம்பணுக்கள்தான். அதன் உடம்பில் லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால் இழுப்பது குறைந்துகொண்டே போகும். தொடுகையை உணரும் நரம்பணு அடுத்த அணுவுக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவைக் குறைத்துக்கொள்வதுதான் காரணம் என்று நரம்பியல் ஆய்வாளர் எரிக் காண்டெலின் ஆய்வுக்கூடம் காட்டியது. கற்றலும் நினைவும் அணு அளவில் எப்படி நடக்கின்றன என்று தேடிய அந்த ஆய்வுகளுக்காக அவருக்கு 2000-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மனித மூளை இதற்கும் ஒரு படி மேலே போகிறது. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி வீடு உள்ளவர்கள் சரக்கு ரயில் போனாலும் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள். ஆனால் ராத்திரி கரண்ட் போய் ஃபேன் சத்தம் நின்றால், வியர்ப்பதற்கு முன்பே விழிப்பு வரும். சத்தம் வந்தால் எழவில்லை, சத்தம் நின்றால் எழுகிறோம்! சோவியத் ஆய்வாளர் சோகோலோவ் இதைப் பரிசோதனையில் பிடித்தார். ஒரே ஒலியைப் பலமுறை கேட்டுப் பழகியவரிடம் அதே ஒலியை முன்பைவிட மெதுவாக எழுப்பினாலும் கவனம் சட்டென்று திரும்பியது. காது வெறுமனே களைத்துப்போயிருந்தால் இது நடக்காது. அடுத்து என்ன வரும் என்று மூளை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. கணக்கு தப்பினால்தான் தலையைத் திருப்புகிறது.

கணக்கு தப்புவதற்கு மூளையில் தனி நாணயமே உண்டு: நரம்பணுக்களுக்கிடையே சேதி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள். நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்கு ஒரு சைகை காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்தார். ஆரம்பத்தில் சாறு கிடைத்ததும் டோபமின் அணுக்கள் துடித்தன. பழகிய பிறகு சைகைக்கே துடித்தன. சாறு வந்தபோது சலனமில்லை. சைகை காட்டிவிட்டுச் சாறு தராமல் ஏமாற்றினால், சரியாகச் சாறு வரவேண்டிய நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. டோபமின் என்றாலே இன்பம் என்று யூடியூபில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அது பாதிக் கதைகூட இல்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்கிறது.

ஆர்வம் முளைப்பதும் இந்த இடத்தில்தான். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவில் ஒரு இடைவெளி கண்ணில் பட்டால் அது அரிக்கும். அந்த அரிப்புதான் ஆர்வம் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் எழுதினார். 2009-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களை ஸ்கேனில் படுக்க வைத்துப் பொது அறிவுக் கேள்விகள் கேட்டார்கள். பதில் சுத்தமாகத் தெரியாத கேள்விகளில் ஆர்வம் குறைவு. நன்றாகத் தெரிந்தவற்றிலும் குறைவு. ‘தெரிஞ்ச மாதிரி இருக்கே’ என்று நாக்கு நுனியில் நிற்கும் கேள்விகளில்தான் உச்சம். ஆர்வம் கூடிய கேள்விகளில் மூளையின் காடேட் என்ற பகுதி அதிகம் இயங்கியது. பரிசை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதி அது.

எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது, ஆர்வத்துக்கு முதலீடு தேவை என்பதுதான். ராயபுரம் ரயில் நிலையத்தைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறவருக்கு அது தூண்கள் வைத்த ஒரு பழைய கட்டடம். இரண்டாம் நாளே மூளை அதைக் கழித்துவிட்டிருக்கும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது என்று ஒரு தகவலைப் போட்டுப் பாருங்கள். ‘சென்ட்ரலை விட்டுட்டு ஏன் இங்கேருந்து?’ என்று உடனே கேட்பார். சென்ட்ரல் 1873-இல்தான் வந்தது. சரி, அப்படியானால் பழைய ரயில் பாதை எது? இப்படி ஒவ்வொரு பதிலும் புது இடைவெளியைத் திறந்துகொண்டே போகும். ‘ஆர்வமாக இரு’ என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். கேட்கிற அளவுக்குக் கொஞ்சமாவது தெரிந்திருந்தால் அவர்களே கேட்பார்கள்.

இப்போது மீனுக்கு வருவோம். கடல் மீன்களின் தசையில் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் உடம்பின் நீர்ச்சத்தைக் காத்துக்கொள்ள உதவுவது அது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமினாக மாற்றும். கவுச்சியின் பெரும்பங்கு அதுதான். அது காரப் பொருள் என்பதால் புளியிலோ எலுமிச்சையிலோ உள்ள அமிலத்தோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாகிவிடும். ஆவியாகாவிட்டால் மூக்குக்கு எப்படி வரும்?

இந்தப் பதிலுக்காக நீங்கள் உண்மையிலேயே காத்திருந்தீர்கள் என்றால், நடுவில் படித்த குரங்குக் கதையும் கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்திருக்க வாய்ப்புண்டு. 2014-இல் மத்தியாஸ் க்ரூபர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சம்பந்தமே இல்லாத முகங்களைக் காட்டிப் பார்த்தார்கள். ஆர்வம் அதிகமிருந்த கேள்விகளுக்கு நடுவில் வந்த முகங்கள்தான் பிறகு நன்றாக நினைவிருந்தன.

பழகிப்போகும் கதைக்குத் திரும்பினால், தியானம் செய்கிறவர்கள் மட்டும் எதற்குமே பழகிப்போகாமல் எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பார்களா? 1966-இல் ஜப்பானில் கசமட்சு, ஹிராய் இருவரும் ஜென் துறவிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து, ‘க்ளிக்’ சத்தம் திரும்பத் திரும்ப வந்தாலும் அவர்களின் மூளை அதற்குப் பழகவில்லை என்றார்கள். இன்றும் மேடைகளில் எடுத்துவிடப்படும் ஆய்வு இது. 1981-இல் பெக்கரும் ஷப்பீரோவும் ஜென், யோகா பயிற்சியாளர்களையும் சாதாரண ஆட்களையும் வைத்துச் செய்தபோது எல்லாருமே ஒரே மாதிரிதான் பழகிப்போனார்கள். இதை மேடையில் யாரும் சொல்வதில்லை. எனக்கென்னவோ இரண்டாவது முடிவுதான் ஆறுதல். எதற்கும் பழகாத மூளையை வைத்துக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே யார் குடியிருப்பது?

தியானத்தில் உருப்படியாக நடப்பது வேறு. மூச்சைக் கவனிக்கச் சொல்லி, மனம் ஓடிவிட்டது என்று உணர்ந்ததும் பட்டனை அமுக்கச் சொன்னார் ஆய்வாளர் வெண்டி ஹாசன்கேம்ப் (2012). மனம் அலையும்போது மூளையில் ஒரு வலையமைப்பு, ‘அலைகிறது’ என்று கண்டுபிடிக்கும் நொடியில் இன்னொன்று, திருப்பிக் கொண்டுவர மற்றொன்று எனச் சுழற்சியாக இயங்கின. அலைவதும் பயிற்சியில் ஒரு பகுதி என்றாகிறது. பிடிபடும் நொடிதான் தண்டால் எடுப்பதற்குச் சமம்.

எதிர்பார்ப்பு தப்பும்போது கற்கிறோம் என்பதற்கு வடசென்னையில் கேரம் போர்டைவிட நல்ல இடம் கிடையாது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். உறுதியாக நம்பிய பதில் தப்பாகும்போது, அரைகுறையாக நம்பியதைவிட அதைத் திருத்திக்கொள்வது எளிது என்று பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் 2001-இல் காட்டினார்கள். அதனால் ஸ்ட்ரைக்கரை விடுவதற்கு முன் எந்தக் காய் எந்த பாக்கெட் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அடித்தால் எங்கே விழுந்தாலும், ‘அதான் நெனச்சேன்’ என்று சொல்லிக்கொள்ள எல்லாராலும் முடியும்.