நடமாட்டம் நின்றால் உணரும் வீடு

தனியாக வாழும் முதியவர் ஒருவர் நள்ளிரவில் கழிவறைக்குப் போகும் வழியில் கால் இடறி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எலும்பு முறியாவிட்டாலும் அவரால் தாமாக எழ முடியாமல் போகலாம். பல வேளைகளில் அடிபட்ட காயத்தைவிட, யாரும் வராமல் தரையில் கிடக்கும் நேரமே பெரிய ஆபத்தாகிறது. மணிக்கணக்கில் உடல் எடையால் அழுந்திய தசை சிதையத் தொடங்கி, அதிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். உடல் குளிர்ந்துபோகும், நீர்ச்சத்து குறையும். விழுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. ஆகவே முதியோர் பராமரிப்புக்கென வீட்டில் பொருத்தப்படும் எந்தக் கருவியானாலும், அந்தக் காத்திருப்பை எவ்வளவு குறைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வகை வீடுகளில் மிகுதியாகப் பயன்படுவது சுவர் மூலையில் ஒட்டப்படும் அகச்சிவப்பு உணரி (சென்சார்). மனித உடல் வெளியிடும் வெப்பக் கதிர்கள் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில்தான் வலுவாக இருக்கும். உணரியின் முகப்பிலுள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை அறையைப் பல பட்டைகளாகப் பிரித்து, அந்தக் கதிர்களை உள்ளேயுள்ள இரு சிறு தகடுகளின்மீது குவிக்கிறது. இரண்டும் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், அறை முழுவதும் ஒரே சீராகச் சூடானால் அவற்றின் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். யாரேனும் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நடந்தால் மட்டுமே சைகை பிறக்கும். இது படம் பிடிப்பதில்லை. குளியலறை வாசலில்கூட இதைத் தயக்கமின்றிப் பொருத்த முடிவது அதனால்தான்.

ஆனால் அசையாமல் இருப்பவர் இந்த உணரிக்குத் தெரிவதே இல்லை. நாற்காலியில் உறங்குபவரும், மயங்கி விழுந்தவரும், வெளியே சென்றுவிட்டவரும் அதற்கு ஒன்றுதான். அவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே போய்விட்டாரா என்ற குழப்பத்தைத் தீர்ப்பது வாசற்கதவில் இருக்கும் ஒரு சிறு காந்தம். கதவு மூடியிருக்கும்போது காந்தம் அருகிலுள்ள மெல்லிய உலோக இதழ்களை ஒட்டவைத்திருக்கும்; திறந்தால் அவை பிரியும். கதவு திறக்கப்படவே இல்லை, வீட்டுக்குள் நடமாட்டமும் இல்லை என்றால், அவர் உள்ளே அசைவின்றி இருக்கிறார் என்று கணினி முடிவு செய்யலாம். தனித்தனியே எளிய இவ்விரு செய்திகளும் சேரும்போதுதான் பொருள் தருகின்றன. இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான திறமை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

மணிக்கட்டுப் பட்டை வேறு வழியில் வேலை செய்கிறது. அதிலுள்ள முடுக்கமானி, அதாவது வேக மாற்றத்தை அளக்கும் சிறு கருவி, விழும் கணத்தில் எடையின்மை போன்ற நிலையையும், தரையில் மோதும்போது திடீர் அதிர்வையும், அதன்பின் அமைதியையும் வரிசையாகக் கண்டால் எச்சரிக்கை அனுப்பும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழ அரை விநாடிகூட ஆகாது. ஆனால் முதியவர்கள் பலர் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிகிறார்கள். அப்போது அந்த வரிசை உருவாகாமல் கருவி ஏமாந்துவிடலாம். தவிர, குளிக்கும்போதும் உறங்கும்போதும் பட்டையைக் கழற்றி வைப்பவர்களும் உண்டு. இவ்விரு குறைகளையும் ஈடுசெய்ய, ரேடியோ அலைகளை அனுப்பி அவற்றின் எதிரொலியைக் கவனிக்கும் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் உதவுகிறது. அதன் அலைநீளம் சுமார் 5 மில்லிமீட்டர் என்பதால், மூச்சு விடும்போது மார்பு சற்றே எழுந்து தாழ்வதுகூட எதிரொலியில் தெரியும். அசையாமல் கிடப்பவரையும் அதனால் கண்டறிய முடியும்.

விபத்துக்கு முன்பே எச்சரிப்பது இன்னும் அருமையான பணி. சில வாரங்களின் பதிவுகளிலிருந்து மென்பொருள் ஒருவரது வழக்கத்தைக் கற்றுக்கொள்கிறது: எப்போது எழுகிறார், இரவில் எத்தனை முறை கழிவறை செல்கிறார், சமையலறையில் எவ்வளவு நேரம் நிற்கிறார். இரவில் இரண்டு முறை எழுபவர் சில நாள்களாக ஆறு முறை எழுந்தால், சிறுநீர்த் தொற்றோ புதிய மாத்திரையின் விளைவோ காரணமாக இருக்கலாம். கருவி நோயைக் கண்டுபிடிப்பதில்லை. விசாரிக்க வேண்டும் என்று நினைவூட்டுகிறது, அவ்வளவே. ஜப்பானில் 2001-ஆம் ஆண்டிலேயே ஸோஜிருஷி நிறுவனம் இந்த எண்ணத்தை ஒரு வெந்நீர்க் குடுவையில் புகுத்தியது. முதியவர் தேநீருக்கு நீர் எடுக்கும் நேரங்கள் தொலைவிலுள்ள பிள்ளைகளுக்குச் செய்தியாகப் போய்ச் சேர்ந்தன.

வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. மின்கலம் தீர்ந்த உணரியும் அசைவற்ற வீடும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நல்ல உணரிகள், எதுவும் நடக்காதபோதும், குறித்த இடைவெளியில் தாம் இயங்குவதாக ஒரு சைகை அனுப்பும். அது வராவிட்டால், உணரிகளின் செய்திகளைத் திரட்டும் மையக் கருவி அந்த உணரி பழுதென்று அறிவிக்கும். இணையமும் மின்சாரமும் தடைபட்டால் செய்தி எவ்வழியே போகும், அதைப் பெறுபவர் உறங்கிக்கொண்டிருந்தால் அடுத்து யாருக்குப் போகும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பொய் எச்சரிக்கைகள் பெருகினால் உறவினர்கள் தொலைபேசியை அணைத்துவிடுவார்கள். எனவே கருவி முதலில் முதியவரிடமே குரலில் கேட்டு, பதில் வராதபோது மட்டும் பிறரை அழைப்பது நல்ல ஏற்பாடு.

படமே இல்லாவிட்டாலும், ஒருவர் எப்போது உறங்குகிறார், எப்போது குளிக்கிறார் என்ற பதிவு அவரது அந்தரங்கம்தான். எந்த அறையில் எந்த உணரி இருக்கிறது, அதன் செய்தி யாருக்குப் போகிறது என்பதை முதியவருக்குக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே பொருத்த வேண்டும். வேண்டாம் என்று அவர் சொல்லும் அறையில் பொருத்தக் கூடாது.