பீலித் தண்ணீரும் சூரியக்கலமும்

மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான கொட்டகலையிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "ரெஜிபோமில் ஒரு சின்ன விமானம் செய்தேன். பற்றரியில் பறக்கிறது. 16 சூரியக்கலங்களைத் தொடராக இணைத்து வெயிலில் வைத்தால் மீட்டர் 9 வோல்ற்றுக்கு மேல் காட்டுகிறது. மோட்டாரைப் பூட்டியதும் 2 வோல்ற்றுக்கு விழுகிறது. பெரிய காற்றாடி போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். கலங்கள் போலியா?"

போலியில்லை தம்பி. முதலில் பூட்டிய காற்றாடியே பெரிது, அதுதான் வினை.

சிலிக்கன் கலம் சும்மா இருக்கும்போது 0.6 வோல்ற் அளவில் காட்டும், வேலை செய்யும்போது 0.5 தரும். ஆகவே 16 கலங்களுக்கு 8 வோல்ற். சரி, இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான்.

பற்றரி தண்ணீர்த் தாங்கி மாதிரி. குழாயைத் திறக்கத் திறக்கக் கொட்டும். சூரியக்கலமோ தோட்டத்து லயன் வீடுகளுக்கு மலையிலிருந்து தண்ணீர் வரும் பீலி. மலை விடுவதுதான் வரும், வாளியைப் பெரிதாக்கி என்ன பயன்? ஒளித்துகள் இலத்திரனை விடுவித்தால்தான் மின்னோட்டம். வெளிச்சம் இவ்வளவு என்றால் ஓட்டமும் இவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் வோல்ற் சரிந்துவிடும். உங்கள் கலங்கள் 0.5 அம்பியர் தருவதாக வைத்துக்கொள்வோம்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். மோட்டாரின் முறுக்கு விசையை நிர்ணயிப்பது ஓட்டம். ஓட்டம் மாறாததால் முறுக்கும் மாறாது. ஆனால் சுழலும் மோட்டார் தானும் ஒரு டைனமோ. வேகம் ஏற ஏற எதிர் அழுத்தத்தை, அதாவது எதிர்த்திசை வோல்ற்றை, உண்டாக்கும். பெரிய காற்றாடியைக் காற்று மெதுவான வேகத்திலேயே பிடித்து நிறுத்திவிடும். வேகம் இல்லை, எதிர் அழுத்தம் இல்லை, அதனால் 2 வோல்ற். 0.5 ஆல் பெருக்கினால் 1 வாற். சின்னக் காற்றாடியோ அதே முறுக்கில் விர்ரென்று ஏறி 8 வோல்ற்றில் போய் நிற்கும். 4 வாற்! அதே வெயில், அதே கலங்கள்.

தோட்டப் பாடசாலைக்கு ரோபோ தருவதாக மேடையில் பேசுபவர்கள் முதலில் வகுப்புக்கு இரண்டு மல்டிமீட்டர் கொடுத்தால் போதும். இந்தப் பிள்ளை 2 வோல்ற் என்று அளந்ததால்தானே கேள்வியே பிறந்தது?

1974 நவம்பர் 4ஆம் திகதி கலிபோர்னியாவில் பறந்த 'சன்ரைஸ்' என்ற ஆளில்லா விமானத்தில் 4096 கலங்கள் இருந்தன. நமக்கு 16 போதும். குளிரும் நமக்குச் சாதகம், ஒவ்வொரு பாகை குறையும்போதும் கலத்துக்கு 2 மில்லிவோல்ற் அளவு கூடும். மூடுபனிதான் எதிரி. வெளிச்சம் பாதியானால் ஓட்டமும் பாதி, உந்துவிசையும் ஏறக்குறைய பாதி. வீட்டில் இராகுகாலம் பார்க்கச் சொல்வார்கள். விமானத்துக்கு இராகுகாலம் பிற்பகல் மூடுபனி, காலையிலேயே பறக்கவிட்டுவிடுங்கள்.

அப்புறம், மீட்டரை மாட்டிக்கொண்டு காற்றாடியின் இரு நுனிகளையும் ஒரே அளவாக, ஒவ்வொரு மில்லிமீற்றராக நறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் சத்தம் கீச்சென்று ஏறும், வோல்ற்றும் ஏறும். 8 வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். அதைத் தாண்டி 9ஐ நெருங்கினால் ஓட்டம் குறையத் தொடங்கும், நறுக்கியதை ஒட்டவும் முடியாது.